நான் போடாத டிக்

பிறர் வீட்டுக் கதவைத் தட்டி, கூப்பிடாமலே உள்ளே போய், அவர்கள் பெற்ற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுப்பது என் தொழில். இதைவிடத் துணிச்சலான தொழில் பாம்பு பிடிப்பது ஒன்றுதான்; அதற்காவது கூப்பிட்டால்தான் போவார்கள். இன்ஷூரன்ஸ் விற்பவர்கள், மீட்டர் பார்ப்பவர்கள், கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்ட வாத்தியார்கள் என்று மூடிய கதவுக்கு முன்னால் நின்று சிரித்துப் பழகிய எல்லோரும் எனக்குச் சொந்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பம்பாய் மாட்டுங்கா. முப்பது வருஷம் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காகக் குப்பை கொட்டினேன். இப்போது இருப்பது செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பையன் டொராண்டோவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். ரிட்டயர் ஆன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியவில்லை. தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டு விசிட்டர் வேண்டும் என்று செம்பூரில் ஒரு சின்ன அமைப்பு ஆள் தேடியது. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டுப் பாடம்

எங்கள் மேற்பார்வையாளர் சுதாகர், செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். என் பையன் வயதுதான் இருக்கும், என்னை ஆன்ட்டி என்பான். முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டான். பிள்ளையைச் சரியாகக் கவனிக்காத வீட்டுக்குப் போனால் புத்திமதி சொல்லக் கூடாது, திட்டக் கூடாது. செய்ய வேண்டியதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, முதலில் நாம் செய்து காட்ட வேண்டும். பிறகு அவர்கள் செய்ய, நாம் பார்க்க வேண்டும். சரியாகச் செய்த அந்த நிமிஷமே, எதைச் சரியாகச் செய்தார்கள் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். எண்ண முடிந்ததை மட்டும் ஃபார்மில் எழுத வேண்டும். 'நல்ல அம்மா', 'மோசமான அம்மா' என்பதற்கெல்லாம் ஃபார்மில் கட்டமே கிடையாது. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். என் மாமியாரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். புத்திமதி சொல்லக் கூடாத தொழிலுக்கு என்னை எடுத்தது அவர்கள் செய்த முதல் தப்பு.

வீட்டுப் பாடமும் கொடுத்தான். அவரவர் வீட்டில் தரையில் உட்கார்ந்து, மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் ஆபத்துகளை எண்ணிக்கொண்டு வர வேண்டும். முட்டி வலியோடு உட்கார்ந்தேன். அந்த உயரத்திலிருந்து என் வீட்டை நான் பார்த்ததே இல்லை. சிங்க்குக்கு அடியில் பினாயில், சுவரோரம் அரிவாள்மணை, கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் பிரஷர் மாத்திரை, பிளக் பாயின்ட், மடக்கு நாற்காலி. பிள்ளையே வராத வீட்டில் இதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. மறுநாள் சுதாகர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தாராவிய அப்புறம் பாத்துக்கலாம் ஆன்ட்டி. முதல்ல உங்க வீட்டுக்கு ஒரு விசிட்டர் அனுப்பணும்."

பூட்டு

என் கைக்கு வந்த முதல் ஃபைல் மாரிசெல்வியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம், ஆனால் அவள் பிறந்ததே தாராவி. வயது இருபத்துநாலு. ரெடிமேட் துணியில் நூல் பிசிறு வெட்டும் பட்டறையில் வேலை. சூரத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான். மூன்று வயது மகள் தர்ஷினியைக் கோலிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு (ஒற்றை அறை வீட்டுக்கு அங்கே கோலி என்றுதான் பெயர்) காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். ஒரு நாள் குழந்தை பரணுக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறி விழுந்தது. அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்தார்கள். நெற்றியில் நாலு தையல். போலீஸ் வந்தது, விஷயம் அரசாங்கத்தின் குழந்தைகள் நலக் கமிட்டி வரைக்கும் போயிற்று.

கமிட்டி மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அவள் பட்டறைக்கு அரை நாள் லீவு போட வேண்டும், நான் போக வேண்டும். ஃபார்மில் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் அடுத்தடுத்து மூன்று வாரம் டிக் விழுந்தால் ஃபைலை மூடிவிடலாம். விழாவிட்டால் தர்ஷினியைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை போனேன். மாரிசெல்வி வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து எண்ணினேன். மூடி இல்லாத தண்ணீர் டிரம், கைக்கெட்டும் இடத்தில் கத்திரிக்கோல், கூல் டிரிங்ஸ் பாட்டிலில் கறை எடுக்கும் தின்னர், அந்த ஏணி. இருபத்துமூன்று. எண்ணி முடித்ததும் சுதாகரின் சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. "இத்தனைக்கு நடுவுல குழந்தையை வச்சுப் பூட்டிண்டு போக எப்படி மனசு வந்தது?" என்று கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "தெறந்து போட்டா தெருவுக்கு ஓடிருவா மேடம். அங்கன டெம்போவும் பைக்குமா போய்க்கிட்டே இருக்கு. பூட்டுனாத்தான் பத்திரம்னு பூட்டுனேன்."

அழகான கையெழுத்து

செய்ய வேண்டியதை அட்டையில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் முறை. தமிழில் நானே எழுதுகிறேன் என்று முன்வந்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாவால், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலப்பது என்றெல்லாம் எட்டு அட்டைகள் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். வீட்டில் யாரும் இல்லாததால் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையை நீட்டிப் பிடித்து நானே ரசித்துக்கொண்டேன்.

மாரிசெல்வி எட்டையும் வாங்கி மரியாதையாகப் பார்த்தாள். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் அதை நேராகத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முனிசிபல் பள்ளியில் ஹிந்தியில் படித்தவள் என்பதை நான் ஃபைலிலேயே படித்திருந்தேன், மூளையில்தான் ஏறவில்லை. அடுத்த வாரம் எழுத்தே இல்லாமல் படமாக வரைந்துகொண்டு போனேன். என் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "அந்தத் தமிழே தேவல மேடம். இது டம்ளரா, யானையா?"

ஐஸ்

மூன்றாவது வாரம் டிரம்முக்கு மூடி வந்திருந்தது. கத்திரிக்கோல் சுவரில் உயரத்தில் ஆணியில் தொங்கியது. இருபத்துமூன்று பதினாலாகியிருந்தது. உடனே பாராட்ட வேண்டுமே. "கத்திரிக்கோலை ஆணியில மாட்டினேளே, ரொம்ப நன்னா பண்ணினேள்" என்றேன். என்னைவிட முப்பத்தேழு வயது சின்னவளை 'நீங்க' என்று சொல்லவே எனக்கு நாக்கு புரண்டது. இதில் பாராட்டு வேறு.

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள், வேறு யாரிடமாவது சொல்கிறேனோ என்று. பிறகு டிரம் மூடியையும் சொன்னேன். குழந்தைக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிட்டதையும் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பருப்புசிலி பண்ணினேன். உதிரி உதிரியாக, பிரமாதமாக வந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லாதபோதுதான் மாரிசெல்வி கேட்டது மறுபடி காதில் விழுந்தது: "எதுக்கு மேடம் இப்படி ஐஸ் வைக்கிய? எங்கிட்ட என்ன இருக்குன்னு?"

எனக்கு வந்த காய்ச்சல்

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எதை வீட்டில் பார்ப்பது, எதற்கு மறுநாள் டாக்டர், எதற்கு உடனே ஓடுவது என்பதை வாயால் சொன்னால் நிற்காது. நடித்துப் பழக வேண்டும். பொம்மையை வைத்துப் பழகலாம் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அமைப்பின் ஒரே பொம்மை அன்று மான்குர்த்தில் வேறொரு வீட்டுக்குப் போயிருந்ததால் நானே மூன்று வயதுப் பிள்ளையாகப் பாயில் படுத்தேன். அறுபத்தோரு வயதுப் பிள்ளை. தர்ஷினிக்கு ஒரே குஷி. தன் துண்டை எடுத்து வந்து என் காலில் போர்த்தினாள். முட்டி வரைக்கும்தான் வந்தது.

மாரிசெல்வி முறைப்படி செய்தாள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். மூச்சை எண்ணினாள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். நடுவில், படத்தில் இல்லாத ஒன்றையும் செய்தாள். என் நெற்றியில் கையை வைத்து, முடியை ஒதுக்கிவிட்டாள். ஆறு வருஷமாக என் நெற்றியில் யார் கையும் பட்டதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாரிசெல்வி அசந்துபோய்ச் சொன்னாள்: "அழ வேண்டிய எடத்துல கரெக்டா அழுதிய மேடம். நடிப்புன்னா நடிப்பு!"

தண்ணீர் வரும் நேரம்

பதினொரு கட்டம் வரைக்கும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாவது மட்டும் மலையாக நின்றது: தாய் வெளியே போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். தர்ஷினியைப் புதிதாகச் சேர்த்திருந்த பாலர் பள்ளி மதியம் ஒரு மணிக்கு விட்டுவிடும். பட்டறை ஏழு வரை. நான் என் பங்குக்கு நாலு யோசனை சொன்னேன். நாலும் செம்பூரில் உட்கார்ந்து யோசித்தவை, தாராவிக்கு ஒத்துவரவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவள் மாரிசெல்விதான். கீழ்க் கோலியில் பேச்சியக்கா என்று ஒரு அம்மாள், பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து அப்பளம் இடுகிறவர். காலில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள், வரிசையில் நிற்க முடியாது. அந்தச் சந்தில் காலை ஐந்து மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். வரிசையில் நின்று மாரிசெல்வி அவருக்கும் சேர்த்துப் பிடித்து வைப்பது. மதியத்துக்கு மேல் அவர் தர்ஷினியைப் பார்த்துக்கொள்வது. எங்கள் முறைப்படி, பிள்ளையை ஒப்படைக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: என்ன சாப்பிட்டாள், எதுவரை விளையாடப் போகலாம், நான் எப்போது வருவேன். இதை மூன்று தடவை ஒத்திகை பார்க்க வைத்தேன். மூன்றாவது தடவை பேச்சியக்கா அப்பளக் குழவியைக் கீழே வைத்தார். "ஏ மாரி, நாலு பெத்து வளத்தவ நான். எங்கிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போறதுக்கு இம்புட்டு வசனமா?"

ஒரு வாரம்தானே

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு முதல் வாரம் பன்னிரண்டு டிக். இரண்டாவது வாரமும் பன்னிரண்டு. மூன்றாவது வாரமும் விழுந்துவிட்டால் ஃபைல் மூடிவிடும். எங்கள் தொழிலில் வேலை நன்றாக நடந்தது என்பதற்கு ஒரே அடையாளம், நமக்கு அந்த வீட்டில் வேலை இல்லாமல் போவது. இதை நான் பயிற்சியில் படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் என் வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் கிழமையாக இருந்தது. திங்களன்றே புடவையை இஸ்திரி போட்டுவிடுவேன். சயான் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிப்பேன். சந்து முனையில் தர்ஷினி என்னைப் பார்த்ததும் "மேடம் வந்தாச்சு!" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடுவாள். என் வரவை அப்படி அறிவிக்க இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த மூன்றாவது செவ்வாயன்று எல்லாம் சுத்தம். கைக்கெட்டும் ஆபத்து பூஜ்யம். கடைசியாக, தாய் குழந்தையோடு பத்து நிமிஷம் பேசி விளையாட வேண்டும் என்ற கட்டம். நூல் பிசிறைக் கீரைக்கட்டாகக் கட்டி, தர்ஷினி விற்க, மாரிசெல்வி பேரம் பேசினாள். இரண்டு பேரும் என்னை மறந்தே போனார்கள். என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. டிக் போட்டால் அடுத்த செவ்வாய் எனக்குப் போக இடம் இல்லை. ஒரு வாரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். 'ஏழு நிமிஷம்' என்று எழுதி, கட்டத்தைக் காலியாக விட்டு, ஃபைலை மூடினேன். மாரிசெல்வி எழுந்து மூச்சு வாங்கக் கேட்டாள்: "நல்லா வெளையாடுனேனா மேடம்? பத்து நிமிசம் இருந்துச்சா?"

வியாழக்கிழமை

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலை ஆபீசில் சுதாகர் ஃபைலோடு நின்றான். கமிட்டி உட்காருகிற நாளை முன்னால் தள்ளி, நாளைக்கு, வியாழக்கிழமை, என்று வைத்துவிட்டார்களாம். கொடுத்த அவகாசமும் அதோடு முடிகிறது. மூன்றாவது வாரம் பன்னிரண்டு ஆகவில்லை என்பதால், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டிக்கொண்டு வா என்றால், அங்கிருந்தே இல்லத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று அர்த்தம். "மூணு நிமிஷம் கம்மியா ஆன்ட்டி? மூணே மூணு நிமிஷமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கம்மி இல்லை, இரண்டு நிமிஷம் கூடுதல் என்றேன். ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளைக்காக ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிறாள். நான் செவ்வாய்க்கிழமை போக ஒரு வீடு வேண்டும் என்று அவள் பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறேன். சுதாகர் கத்துவான் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்து மடித்தான். "உங்க மேல நடவடிக்கை எடுக்கத்தான் போறேன் ஆன்ட்டி, அது என் வேலை. ஆனா எங்க ஃபார்ம்லயும் ஒரு கட்டம் விட்டுப்போச்சு. விசிட்டர் வீட்ல யார் இருக்காங்கன்னு நாங்க கேக்கவே இல்ல."

பெஞ்சு

வியாழக்கிழமை கமிட்டி ஆபீஸ் வராந்தாவில் ஒரு நீளமான மர பெஞ்சு. மாரிசெல்வி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தர்ஷினிக்கு இரட்டைப் பின்னல், புது ரிப்பன். ஒரு பிளாஸ்டிக் பையில் குழந்தையின் இரண்டு கவுன்களையும் அந்தச் சின்னத் துண்டையும் மடித்து எடுத்து வந்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். ஒருவேளை அங்கேயே வைத்துக்கொண்டால் மாற்றுத்துணிக்கு என்றாள். அந்தப் பையைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

உள்ளே கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். நின்றுகொண்டே சொன்னேன். நீங்க பன்னிரண்டு நிமிஷம் விளையாடினேள், நான்தான் பொய் எழுதினேன், எனக்கு அடுத்த வாரமும் வரணும்போல இருந்தது, நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன், இப்போது உள்ளே போய்ச் சொல்லவும் போகிறேன். மாரிசெல்வி எனக்கும் தனக்கும் நடுவில் இருந்த தர்ஷினியைத் தூக்கி, தன் மறுபக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நான் கதவப் பூட்டுனேன். நீங்க பேனாவ வச்சிப் பூட்டிட்டிய. எனக்காவது போலீசு வந்துச்சு மேடம்."

செவ்வாய்க்கிழமைகள்

கமிட்டி என் காகிதத்தைப் படித்து, என்னை நாலு கேள்வி கேட்டு, தர்ஷினியோடு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அன்றே ஃபைலை மூடியது. மாரிசெல்வி பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். எனக்கு மூன்று மாதம் வெளி வேலை கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து பழைய ஃபார்ம்களை அடுக்க வேண்டும் என்று உத்தரவு. நியாயமான உத்தரவு. திங்கட்கிழமைகளில் கை தானாகப் புடவையை எடுத்து இஸ்திரி மேஜையில் விரித்துவிடும். மறுபடி மடித்து வைப்பேன். பையன் ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் டல்லாக இருக்கிறாய் என்று கேட்டான். வெயில் என்றேன். அப்போது மழைக்காலம்.

ஒரு மத்தியானம் மாரிசெல்வியின் நம்பரிலிருந்து போன். தர்ஷினிக்கு நேற்று முதல் காய்ச்சல் என்றாள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அவளோ நிதானமாக வரிசைப்படி சொன்னாள். தெர்மாமீட்டர் வைத்தேன், மூச்சை எண்ணினேன், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன், ராத்திரி குறையவில்லை, காலையில் பேச்சியக்காவிடம் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன், இப்போது இறங்கிவிட்டது, தூங்குகிறாள். மூச்சை எண்ணினது ரொம்ப நன்னா பண்ணினேள் என்றேன். அந்தப் பக்கம் மூக்கால் ஒரு சிரிப்பு. நான் வரட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "வேண்டாம் மேடம், எல்லாம் பண்ணியாச்சு. சொல்லதுக்கு ஒரு ஆளு வேணும்லா, அதான்."

முதல் விசிட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடி போன். ஞாயிறன்று செம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்களாம். "ஒங்க வீட்டப் பாக்கணும்னு தர்ஷு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள். போனை வைத்ததும் முட்டி வலியை மறந்து தரையில் உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றும் அப்படியே இருந்தன. பினாயில் மேல் தட்டுக்குப் போயிற்று, அரிவாள்மணை பரணுக்கு, பிளக் பாயின்டுகளுக்கு டேப். ராத்திரி படுக்கும்போது ஒன்று பாக்கி இருந்தது. அதை எடுக்க மனசும் வரவில்லை, வழியும் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். தர்ஷினி வாசலிலிருந்தே கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி "மேடம் வீடு வந்தாச்சு!" என்று கத்தினாள். சோபாவைக் காட்டினேன். மாரிசெல்வி உட்காரவில்லை. கல்யாணப் பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேரே தரையில் உட்கார்ந்தாள். தலையைத் தாழ்த்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நான் கிளாஸ் லீடர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். அவள் பார்வை படுக்கை அறைக் கதவு வழியாகப் போய், கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் நின்றது. "மாத்திரைய மேல வைக்கணும்லா மேடம்?"

"மேலே வச்சா, காலம்பற எழுந்திருக்கறச்சே தலை சுத்தினா எட்டி எடுக்க முடியாது. எடுத்துக் குடுக்க ஆள் இல்லை" என்றேன். இதை நான் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை, பையனிடமும் சொன்னதில்லை. மாரிசெல்வி எழுந்து போய் மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காபி குடித்து, பருப்புசிலியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, தர்ஷினி என் கட்டிலில் குதித்து முடிக்கும் வரைக்கும் டப்பா அவள் மடியிலேயே இருந்தது. கிளம்பும்போது அதைப் பழையபடி ஸ்டூலில், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, என் குரலிலேயே சொன்னாள்: "ரொம்ப நன்னா பண்ணினேள்." தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாரிசெல்வி தன் குரலுக்குத் திரும்பினாள். "ஆனா அந்த ஒண்ணுக்கு டிக் போட முடியாது மேடம். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன்."

எங்கள் தொழிலில் போட வேண்டிய ஒரு டிக்கைப் போடாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தவள் நான், ஆனால் எனக்கு அந்த ஒரு டிக் விழாமலே இருக்க வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரை டப்பாவை ஸ்டூலில் சரியாக எடுத்து வைக்கிறேன்.